வலிய உருக்கைத் தளர்த்தும் சின்னஞ்சிறு அணு

மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உத்தரத்தில் கட்டி ஓர் ஆள் தொங்கினாலும் அது அறுவதில்லை. ஆனால் அதே கம்பியை ஓரிடத்தில் பிடித்து முன்னும் பின்னுமாகப் பத்து இருபது முறை வளைத்துப் பாருங்கள். ஒரு சிறுவன் கையிலேயே அது முறிந்து விழும். பெரும் சுமையை ஒருமுறை தாங்கிய கம்பி, அதைவிடச் சிறிய விசையைப் பலமுறை தாங்க முடியாமல் போனது ஏன்?

இவ்வாறு மாறி மாறி வரும் சுமையால் உலோகம் தளர்வதைப் பொறியியலார் ‘உலோகக் களைப்பு’ என்பர். பெயர்தான் களைப்பு. மனிதன் உறங்கி எழுந்தால் களைப்பு நீங்கிவிடும். உலோகத்தின் களைப்போ ஓய்வினால் நீங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு விரிசல் சிறிது நீளுகிறது. எந்திரத்தை ஓர் ஆண்டு நிறுத்தி வைத்தாலும் நீண்ட விரிசல் சுருங்காது.

இந்த விரிசலின் வளர்ச்சியைப் பல மடங்கு விரைவுபடுத்தும் பொருள் ஒன்று உண்டு. அது அமிலமும் அன்று, துருவும் அன்று. தனிமங்களிலெல்லாம் எடை குறைந்ததான ஹைட்ரஜனே அது. ஹைட்ரஜன் சூழ்ந்திருக்கும்போது குழாய்களுக்கான உருக்கில் களைப்பு விரிசல், காற்றில் வளர்வதைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் விரைவாக வளர்வதைச் சோதனைச் சாலைகளில் அளந்திருக்கிறார்கள். நீர் மூலக்கூறில் மூன்றில் இரண்டு அணுக்களாக இருந்து நம்மை வாழவைக்கும் ஹைட்ரஜன், உருக்குக்கு ஏன் பகையாகிறது? அதைத்தான் இங்கே காணப்போகிறோம்.

குன்றத்தூருக்கு அப்பால்

சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். குன்றின்மேல் முருகன் கோயிலும், அருகே செம்பரம்பாக்கம் ஏரியும் உள்ள இவ்வூருக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இன்று நாட்டின் பெரிய வாகனத் தொழில் வட்டாரங்களுள் ஒன்று பரந்து கிடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. வாகனங்களை ஓட்டிச் சோதிக்கும் தடங்களைக் கொண்ட உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் உள்ளது. இப்பெரிய ஆலைகளைச் சுற்றிலும் போல்ட்டு, நட்டு, சுருள்வில், அச்சு, பற்சக்கரம் முதலியவற்றைச் செய்யும் பட்டறைகளும், அவற்றுக்கு முலாம் பூசித் தரும் பட்டறைகளும் இயங்குகின்றன.

இந்த வட்டாரத்துக்கு ஹைட்ரஜன் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று பழைய வழி. முலாம் பூசும் தொட்டியிலும் அமிலத் தொட்டியிலும் அது யாரும் அழைக்காமலே உண்டாகிறது. மற்றொன்று புதிய வழி. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மாற்றான எரிபொருளாக நாமே அதை அழைத்துக்கொண்டிருக்கிறோம். 2023 ஜனவரியில் மைய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. 2024 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் ஆய்வு மையம் ஒன்றை அமைக்கப்போவதாக ஹூண்டாய் நிறுவனம் அறிவித்தது. 2025 ஜூலையில் சென்னை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் நாட்டின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது.

ஆகவே, ஹைட்ரஜனும் உருக்கும் சந்திக்கும்போது நடப்பது என்ன என்பது இனி ஆய்வுக்கூடத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் ஊர்த் தொழிலாளியும், பயிற்சி மாணவரும், வாகனத்தில் ஏறும் பயணியும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

விரிசல் வளரும் விதம்

முதலில் ஹைட்ரஜன் இல்லாத களைப்பைப் பார்ப்போம்.

1842 மே 8-ஆம் நாள் பிரான்சில் வெர்சாயில் இருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. ரயில் கவிழ்ந்து தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சு எத்தனையோ முறை அதே சுமையைத் தாங்கி ஓடியதுதான். அன்று மட்டும் ஏன் முறிந்தது? இத்தகைய கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1850-களிலும் 1860-களிலும் அவர் அச்சுகளைச் சுமையுடன் சுழலவிட்டு, எத்தனை சுற்றில் முறிகின்றன என்று பொறுமையாக எண்ணினார். சுமை எவ்வளவு பெரியது என்பது மட்டும் முக்கியமன்று. அது எத்தனை முறை மாறி மாறி வருகிறது என்பதும் முக்கியம் என அவர் காட்டினார்.

சுழலும் அச்சின் மேற்பரப்பில் உள்ள ஒரு புள்ளி, ஒரு சுற்றில் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அமுக்கப்படுகிறது. நம் ரயில் பெட்டியின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 350 முறை சுழலும். 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட சுற்றுகள்! கம்பியை நாம் கண்ணுக்குத் தெரியும்படி வளைத்தோம். அச்சின் வளைவோ கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் எண்ணிக்கை பெரிதாகையால் விளைவும் பெரிதாகிறது.

எந்த உருக்குத் துண்டிலும் எங்கேனும் ஒரு கீறலோ, கூர்மையான மூலையோ, வெல்டிங்கில் விட்ட குறையோ இருக்கும். இழுபடும்போது அந்தக் கீறலின் நுனியில் தகைவு குவிகிறது. துணியைக் கிழிக்குமுன் தையற்காரர் ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டுகிறார் அல்லவா? அவ்வெட்டு செய்வதைத்தான் இங்கே கீறல் செய்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் நுனி சற்றே திறந்து, ஒரு நூலிழையின் மிகச் சிறு பங்கு முன்னேறுகிறது. விரிசல் நீள நீள நுனியில் தகைவு இன்னும் கூடுகிறது. வளர்ச்சியும் இன்னும் விரைகிறது. அமெரிக்கரான பால் பாரிஸ் 1960-களின் தொடக்கத்தில் இந்த உறவைக் கணக்காக வகுத்தார். உருக்கில் நுனியின் தகைவு வீச்சு இரு மடங்கானால், ஒரு சுழற்சியில் விரிசல் நீளும் அளவு சுமார் எட்டு மடங்காகும். எனவேதான் நெடுநாள் ஒன்றும் நேராததுபோல் தோன்றி, கடைசியில் திடீரென முறிகிறது.

அமிலத்தில் நனைந்த கம்பி

ஹைட்ரஜனின் குறும்பை முதலில் பதிவு செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஜான்சன். 1875-ல் இலண்டன் ராயல் கழகத்தில் அவருடைய ஆய்வுரை வெளிவந்தது. இரும்புக் கம்பியைச் சில நிமிடங்கள் அமிலத்தில் நனைத்து எடுத்தால் அது வளையும் தன்மையை இழந்து எளிதில் முறிவதை அவர் கண்டார். முறிந்த முகத்தை ஈரமாக்கினால் அங்கிருந்து குமிழிகள் கிளம்பின. வியப்பு அதோடு நிற்கவில்லை. அதே கம்பியைச் சில நாள் சும்மா வைத்திருந்தால் பழைய தன்மை திரும்பியது. சூடாக்கினால் இன்னும் விரைவாகத் திரும்பியது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? கம்பியைக் கெடுத்தது அமிலம் அரித்ததன்று. அமிலமும் இரும்பும் வினைபுரியும்போது பிறந்த ஹைட்ரஜன் உலோகத்தினுள் புகுந்திருந்தது. பின்னர் மெல்ல வெளியேறியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த எளிய சோதனையில் நோயும் தெரிகிறது, மருந்தும் தெரிகிறது.

அணு நுழையும் வழி

ஹைட்ரஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாக இருக்கின்றன. இந்த மூலக்கூறு உருக்கினுள் புக முடியாது. பிரிந்து தனி அணுவானால் புகுந்துவிடும். இரும்பின் படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அடுக்கி வைத்த தேங்காய்களின் இடைவெளிகளில் கடுகு உருள்வதுபோல், சிறிய ஹைட்ரஜன் அணு இரும்பு அணுக்களின் இடைவெளிகளில் தாவிச் செல்கிறது. தூய இரும்பில், சாதாரண வெப்பநிலையில், ஒரு நொடியில் சுமார் 0.1 மில்லிமீட்டர் ஆழம்வரை அது ஊடுருவ முடியும். திண்மப் பொருளுக்குள் இது மிகப் பெரிய வேகம்.

மூலக்கூறு அணுக்களாகப் பிரிவது எங்கே? தூய உலோகப் பரப்பில். ஆனால் சாதாரணமாக உருக்கின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் போர்வைபோல் மூடியிருக்கிறது. அது ஹைட்ரஜனைப் பெரிதும் தடுக்கும். அதனால்தான் உருக்குச் சிலிண்டர்களில் நெடுங்காலமாக ஹைட்ரஜனை அடைத்து வைக்க முடிந்திருக்கிறது.

களைப்பு இந்தப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் விரிசலின் நுனி திறக்கும்போது, இதுவரை எதையும் தொடாத புத்தம்புது உலோகம் வெளிப்படுகிறது. அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறு பிரிந்து அணுவாகி உள்ளே நுழைகிறது. நுனியில் படிகம் இழுபட்டு இடைவெளிகள் சற்று அகன்றிருப்பதால், சுற்றிலுமுள்ள ஹைட்ரஜன் அணுக்களும் அவ்விடத்துக்கே வந்து கூடுகின்றன. எங்கே உருக்கு மிகவும் நலிந்திருக்கிறதோ அங்கேயே பகை படைதிரட்டுகிறது.

கூடிய பின் அது என்ன செய்கிறது? இரும்பு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது என்பது ஒரு விளக்கம். படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை எளிதாக்கி, உருமாற்றம் முழுவதையும் நுனியருகே ஒரு குறுகிய இடத்தில் குவியச் செய்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே செயல்படலாம் என்று இன்று பலர் கருதுகின்றனர். விளக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றே: ஒவ்வொரு சுழற்சியிலும் விரிசல் தாண்டும் அடி நீளமாகிறது.

இதில் நேரத்துக்கும் பங்கு உண்டு. சுமை மெதுவாக ஏறி இறங்கினால் ஹைட்ரஜன் நுனிக்கு வந்து சேர நேரம் கிடைக்கிறது. ஆகவே ஒரு சுழற்சியில் ஏற்படும் கேடு பெரும்பாலும் அதிகமாகிறது. விரைந்து அதிரும் பாகத்தை விட, மெதுவாக நிரம்பிக் காலியாகும் கலத்தில் இதைக் கூடுதலாகக் கருத வேண்டும்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஹைட்ரஜனோடு மிகச் சிறிதளவு ஆக்சிஜன் கலந்திருந்தால், அது புதிய உலோகப் பரப்பை முந்திச்சென்று மூடிக்கொள்கிறது. விரிசலின் வேகம் குறைகிறது. ஆனால் வாகனத்தில் மின்சாரம் தயாரிக்கும் எரிபொருள் மின்கலத்துக்கு 99.97 விழுக்காடு தூய ஹைட்ரஜன் தேவை. அதற்கு எவ்வளவு தூய்மை நல்லதோ, உருக்குக்கு அவ்வளவு தூய்மை கெடுதல்!

ஒரு சிறு கணக்கு

பத்து மடங்கு என்றால் நடைமுறையில் என்ன பொருள்? ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் உருக்குக் கலத்தின் சுவரில் சிறு விரிசல் இருக்கிறது. கலம் ஒருமுறை நிரம்பிக் காலியானால் விரிசல் 0.0001 மில்லிமீட்டர் நீள்கிறது எனக் கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீள 10,000 முறை நிரப்ப வேண்டும். நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் 27 ஆண்டுகள் செல்லும். ஹைட்ரஜனால் வளர்ச்சி பத்து மடங்கானால் 1,000 முறையே போதும். மூன்று ஆண்டுகளுக்குள் அது முடிந்துவிடும். இப்போது அந்தக் கலம் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையத்தில் இருப்பதாக எண்ணுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் வாயு கொடுக்கும்போது கலத்தின் அழுத்தம் இறங்கி, மறுபடி ஏறுகிறது. நாளுக்கு 20 வண்டி என்றால் 1,000 சுழற்சி வெறும் 50 நாளில் முடிந்துவிடும். உண்மையில் விரிசல் நீளும்போது வேகமும் கூடுவதால் காலம் இன்னும் குறையும்.

இக்கணக்கு அச்சமூட்டுவதற்காக அன்று. இதிலிருந்து பெற வேண்டிய பாடம் ஒன்று உண்டு. காற்றிலோ நீரிலோ அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது கலம் தாங்கியது என்பதால், ஹைட்ரஜனிலும் அது அத்தனை ஆண்டு தாங்கும் என்று கொள்ளக் கூடாது. எத்தனை முறை நிரப்பலாம், எப்போது எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதை ஹைட்ரஜனில் அளந்த வேகத்தைக் கொண்டே வகுக்க வேண்டும்.

ஹூண்டாயின் நெக்ஸோ போன்ற கார்களில் 700 பார் அழுத்தம் தாங்கும் தொட்டிகள் கார்பன் இழையால் சுற்றப்பட்டவை, உள்ளுறை பிளாஸ்டிக். ஆகவே தொட்டிக்கு இந்நோய் இல்லை. ஆனால் வால்வு, குழாய், இணைப்பு, அமுக்கி, நிலையத்துச் சேமிப்புக் கலம் ஆகியவற்றில் உலோகம் இருந்தே தீரும்.

வலிமை மிகுந்தால் ஆபத்தும் மிகும்

அப்படியானால் இன்னும் வலிமையான உருக்கைப் போட்டால் போயிற்று என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பொதுவாக உருக்கின் வலிமையும் கடினமும் கூடக்கூட ஹைட்ரஜனுக்கு அது ஆளாவதும் கூடுகிறது.

போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் இழுவலிமையைக் குறிக்கும். 8.8 போல்ட்டு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ எடையைத் தாங்கும், 12.9 போல்ட்டு ஏறத்தாழ 120 கிலோ தாங்கும். ஆனால் துத்தநாக முலாம் பூசும் தொட்டியில் இரண்டும் ஒன்றாக மூழ்கி எழுந்தால், ஹைட்ரஜனால் முறியும் அபாயம் 12.9 போல்ட்டுக்கே மிகுதி. 8.8 போல்ட்டு பெரும்பாலும் தப்பிவிடும். ஹைட்ரஜனை அடைக்கும் உருக்குச் சிலிண்டர்களுக்கும் இதே காரணத்தால் வலிமைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பன்னாட்டுத் தர விதிகளில் அது 950 மெகாபாஸ்கல்.

2013 மார்ச்சில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து வளைகுடாப் பாலத்தில் நடந்தது இதற்குச் சான்று. மூன்று அங்குலப் பருமனுள்ள, துத்தநாகப் பூச்சுள்ள வலிமிக்க நங்கூரத் தண்டுகள் 96-ஐ முறுக்கி இறுக்கினார்கள். சில நாட்களுக்குள் 32 தண்டுகள் ஒவ்வொன்றாக முறிந்தன. மாறும் சுமை வருவதற்கு முன்பே, இறுக்கி வைத்த நிலையிலேயே முறிந்தன. காரணம் ஹைட்ரஜனால் வந்த நொறுங்கும் தன்மை என்று ஆய்வில் தெரிந்தது. இறுக்கிய அன்று தாங்கியது மறுவாரம் தாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இத்தகைய நுண்விரிசல் முழு முறிவில் முடியாமல் உள்ளே நின்றுவிட்டால், பின்னர் வரும் களைப்புக்கு அதுவே தொடக்கமாகிறது.

பட்டறையில் செய்யத் தக்கவை

நோயை அறிந்தால் காப்பும் கைக்கெட்டும். ஜான்சன் சூடாக்கிய கம்பி வழி காட்டியிருக்கிறது.

முதலாவது, முலாம் பூசிய உயர்வலிமைப் பாகங்களை அடுப்பில் சுடுதல். பூச்சு முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, உருக்கின் வலிமைக்கு ஏற்பப் பல மணி நேரம் சுடவேண்டும். உள்ளே புகுந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். எஞ்சியது கேடு செய்யாத இடங்களில் சிறைப்படும். ‘நாளைக்குச் சுடலாம்’ என்று விட்டுவைத்தால், இரவுக்குள் நுண்விரிசல் தோன்றியிருக்கலாம். அடுப்பு ஹைட்ரஜனை விரட்டும், விரிசலை ஒட்டவைக்காது. சுட்ட பாகமும் சுடாத பாகமும் பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். ஆகவே அடுப்பின் நேரக் குறிப்பேடுதான் இங்கே ஒரே சாட்சி. அதை உண்மையாக எழுதுவது வெறும் சடங்கன்று.

இரண்டாவது, ஹைட்ரஜன் பிறக்காத முறைகளை மேற்கொள்ளுதல். துரு நீக்க அமிலத்துக்குப் பதிலாக மணிகளை வேகமாக வீசித் தேய்க்கலாம். மின்முலாமுக்குப் பதிலாகத் துத்தநாகச் செதில் பூச்சைப் பயன்படுத்தலாம். வாகனத் தொழிலில் இவை இன்று பரவலாக உள்ளன.

மூன்றாவது, வெல்டிங். ஈரம் ஏறிய வெல்டிங் ராடு, சுடரில் நீரைப் பிளந்து ஹைட்ரஜனை உருகிய உலோகத்துக்குள் ஊட்டுகிறது. ராடை உலர்த்தும் அடுப்பில் வைத்து, தேவைக்கேற்ப எடுத்துப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். மழைக்காலத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

நான்காவது, தக்க பொருளைத் தேர்தல். உயரழுத்த ஹைட்ரஜன் குழாய்களுக்கு நிக்கல் மிகுந்த துருவேறா உருக்கு ஏற்றது. அதனுள் ஹைட்ரஜன் மிக மெதுவாகவே ஊர்கிறது. விலை கூடுதல் என்பது உண்மைதான். விலை குறைந்த உருக்கைப் பயன்படுத்தும் இடங்களில் அழுத்தத்தைக் குறைக்கலாம், சுவரைத் தடிப்பாக்கலாம், கூர்மூலைகளை உருட்டலாம்.

ஐந்தாவது, காலந்தவறாத சோதனை. செவியுணரா ஒலியலைகளைச் செலுத்தி, சுவருக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கப்பட்ட விரிசல் ஆபத்தன்று. அதன் நீளமும் வளர் வேகமும் தெரிந்தால், பாகத்தை எப்போது மாற்றவேண்டும் என்று சொல்லிவிட முடியும். ஆபத்தானது நாம் தேடாமல் விட்ட விரிசலே.

ஹைட்ரஜன் எரிந்தால் புகையில்லை, நீரே மிஞ்சும். நகரங்களின் காற்றுக்கு அது நல்லது செய்யக்கூடும். அதை வேண்டாமென்று ஒதுக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. நீராவிக் கொதிகலன்களும் ஒரு காலத்தில் அடிக்கடி வெடித்தன. அவற்றின் இயல்பை அறிந்து, விதி வகுத்து, தவறாமல் சோதித்ததால்தான் அவை நமக்குப் பணிந்தன. ஹைட்ரஜனையும் அவ்வாறே பணியவைக்கலாம். அதற்குப் பெரிய ஆய்வு மையங்கள் மட்டும் போதா. முலாம் பட்டறையில் கடிகாரத்தைப் பார்த்து அடுப்பைத் திறக்கும் கைகளும் வேண்டும்.